வாசியில்லாக் காசு

2007 ஜனவரியில் 'பாஸ்' என்ற லினக்ஸ் இயங்குதளம் வெளிவந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கப் பெயர் அது. உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை. இதற்கு முன்பே, 2005இல், கட்டற்ற மென்பொருளுக்கென்று ஒரு தேசிய வள மையத்தை மத்தியத் தகவல் தொழில்நுட்பத் துறை சென்னையில் ஏற்படுத்தியிருந்தது. சி-டாக்கோடு சேர்ந்து அதை நடத்தியது குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலிருக்கும் ஏ.யூ.-கே.பி.சி. ஆராய்ச்சி மையம். எங்கள் குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் வந்து ஜி.எஸ்.டி. சாலையில் திரும்பினால், நெரிசல் இல்லாத நாளில் சீக்கிரமே போய்விடலாம். நெரிசல் இல்லாத நாள் எது என்பது வேறு விஷயம்.

பாஸை உருவாக்கியவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். ஆனால் அவர்கள் வெறும் நிலத்தில் கட்டிடம் எழுப்பவில்லை. எடுத்துக்கொண்ட அடித்தளம் டெபியன். 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனை ஏறத்தாழ ஆயிரம் தன்னார்வலர்கள் பல நாடுகளிலிருந்து பராமரித்துவந்தார்கள். டெபியன் அமைப்பு அவர்களில் யாருக்கும் சம்பளம் கொடுத்ததில்லை. பின்னாளில், 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் பதிந்து கொடுக்கப்பட்டது. ஒரு பிளஸ் டூ மாணவி அந்த மடிக்கணினியைத் திறந்தபோது அவள் முன்னால் விரிந்தது, சம்பளத்துக்குச் செய்த வேலையும் சம்பளமில்லாமல் செய்த வேலையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த ஒரு பொருள்.

இதில் கவனிக்கவேண்டிய ஒரு தற்செயல் உண்டு. சென்னையில் சம்பளக்காரர்கள் டெபியன்மேல் பாஸைக் கட்டிக்கொண்டிருந்த அதே மாதங்களில், டெபியனுக்குள் சம்பளத்தைப் பற்றி ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

டெபியனின் அடுத்த பதிப்பான 'எட்ச்' 2006 டிசம்பர் தொடக்கத்தில் வரவேண்டும் என்று நாள் குறித்திருந்தார்கள். தாமதம் டெபியனுக்குப் பழகிய நோய். அப்போதைய தலைவர் ஆண்டனி டவுன்ஸும் சிலரும் ஒரு வழி யோசித்தார்கள். வெளியீட்டைக் கவனிக்கும் ஸ்டீவ் லாங்காசெக், ஆண்ட்ரியாஸ் பார்த் இருவருக்கும் ஆளுக்கொரு மாதம் பணம் கொடுத்து முழுநேரமாக உட்காரவைத்தால் நாள் தவறாதே! அதற்காக டெபியனுக்கு வெளியே 'டங்க்-டேங்க்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கி நிதி திரட்டினார்கள். பணம் வந்தது. கூடவே கசப்பும் வந்தது. இத்தனை வருடம் சும்மா உழைத்த எங்களை விட்டு இரண்டு பேருக்கு மட்டும் ஏன் என்று கேட்டவர்கள் உண்டு. வேலையைக் குறைத்துக்கொண்டவர்கள் உண்டு. தலைவரைப் பதவியிலிருந்து இறக்க வாக்கெடுப்பு நடந்து தோற்றது. 'டங்க்-பேங்க்' என்று ஒரு எதிர்க்கடை திறந்து, வெளியீட்டைத் தள்ளிப்போடும் அளவுக்குப் பிழைகளைத் தேடித் தருவோம் என்று பாதிக் கேலியாகக் கிளம்பியவர்களும் உண்டு. எட்ச் வெளிவந்தது 2007 ஏப்ரல் 8 அன்று. பணம் கொடுத்து முந்தப் பார்த்த பதிப்பு நான்கு மாதம் பிந்தியது.

இதைப் படிக்கிறவருக்கு உடனே தோன்றும் முடிவு, காசு உள்ளே வந்தால் ஆர்வம் வெளியே போய்விடும் என்பதுதான். உளவியலில் இதற்கு மரியாதையான மூதாதையர் இருக்கிறார்கள். 1971இல் எட்வர்ட் டெசி, புதிர்க் கட்டைகளை விளையாட்டாக அடுக்கிய மாணவர்களுக்குப் பணம் கொடுத்துப் பார்த்தார். பணத்தை நிறுத்தியதும் அவர்கள் ஓய்வு நேரத்தில் புதிரைத் தொடுவது குறைந்தது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் படம் வரையும் மழலைகளிடம் பரிசை முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார்கள். பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் பிறகு தாமாக வரைவது குறைந்தது. அதற்கும் முன்னால், 1970இல், ரிச்சர்ட் டிட்மஸ் ரத்ததானத்தைப் பற்றி இதையொட்டிய வாதத்தை வைத்தார்.

கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவர்களிடம் நேரடியாகக் கேட்டபோது படம் இவ்வளவு தெளிவாக இல்லை. 2002இல் ஐரோப்பாவில் வெளியான ஓர் ஆய்வு 2784 பேரிடம் கேட்டது. இந்த உலகத்துக்குள் நுழைந்ததற்குக் காரணம் புதிய திறன் கற்பது என்று ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் சொன்னார்கள். கரீம் லக்கானியும் ராபர்ட் உல்ஃபும் 287 திட்டங்களைச் சேர்ந்த 684 பேரிடம் கேட்டு 2005இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு செய்திகள் முக்கியம். ஒன்று, ஒருவர் எத்தனை மணிநேரம் உழைக்கிறார் என்பதை நிர்ணயிப்பதில் முன்னால் நின்றது, அந்த வேலையில் தம் படைப்பூக்கம் வெளிப்படுவதாக அவருக்கு உண்டாகும் உணர்வு. மற்றது, பதில் சொன்னவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் அந்த வேலைக்குப் பணம் பெற்றுக்கொண்டிருந்தவர்கள். தன்னார்வலர்களின் கோட்டை என்று ஊர் நம்பிய இடத்தில் பத்துக்கு நான்கு பேர் அப்போதே சம்பளக்காரர்கள்.

2006இல் ராபர்ட்ஸ், ஹான், ஸ்லாட்டர் மூவரும் அப்பாச்சி திட்டங்களை ஆராய்ந்தது எனக்கு இன்னும் பிடித்த ஆய்வு, ஏனென்றால் அதன் முடிவு யாருக்கும் முழுத் திருப்தி தராது. சம்பளம் உள்ளார்வத்தைக் கெடுத்ததற்கு அங்கே சான்று கிடைக்கவில்லை. சம்பளம் வாங்குகிறவர்களிடம் மதிப்பு, பெயர் சார்ந்த நோக்கம் கூடுதல். தன் சொந்தத் தேவைக்காக எழுதுவது குறைவு. பெயருக்காக உழைப்பது உள்ளார்வத்தைக் கூட்டியதாகவும் தெரிந்தது. சொந்தத் தேவைக்காக வந்தவர்களின் பங்களிப்பு சராசரிக்கும் கீழே. உள்ளார்வம் மட்டும் தனியாக உழைப்பின் அளவை உயர்த்தியதாகத் தெரியவில்லை. அன்பு இருக்கிறது, ஆனால் வேலை நடக்கவில்லை என்கிற நிலைமை நம் ஊர்ச் சங்கங்களில் இருந்தவர்களுக்குப் புரியும்.

லினக்ஸ் கருநிரல் இன்னும் முன்னே போய்விட்டது. 1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காகத் தொடங்கியதில், லினக்ஸ் ஃபவுண்டேஷனின் அறிக்கைகளின்படி, சம்பளமில்லாதவர்களின் பங்கு 2012இல் 14.6 விழுக்காடு, 2017இல் 8.2. தன்னார்வலர்கள் மனம் வெறுத்துக் கிளம்பிவிட்டதாக இதை வாசிக்கக்கூடாது. அந்த வேலை தெரிந்த ஆளுக்கு அவ்வளவு கிராக்கி. நாலு நல்ல திருத்தம் அனுப்பியவரை ஒரு நிறுவனம் கொத்திக்கொண்டு போய்விடும். ஜோஷ் லெர்னர், ஜீன் திரோல் என்ற பொருளாதார அறிஞர்கள் 2002இல் சொன்னதும் இதுதான்: இன்றைய இலவச உழைப்பு நாளைய சம்பளத்துக்கான விளம்பரப் பலகை.

ஆக, தன்னார்வலர் ஒரு சாதி, சம்பளக்காரர் ஒரு சாதி என்று பிரித்து ஆளுக்கொரு மனசாட்சியை ஒதுக்குவது உதவாது. தமிழ்க் கணிமையைப் பார்த்தாலே தெரியும். தமிழ் நூல்களை மின்வடிவில் தருவதற்கென்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை முன்னின்று நடத்திய கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆராய்ச்சியாளர். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு முதுகெலும்பாக நின்ற மயூரநாதன் வளைகுடாவில் பணியாற்றிய யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலைஞர். 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியைச் செய்த முத்து அண்ணாமலை அமெரிக்காவில் பொறியாளர். 2012 ஜனவரியில் 'கணியம்' இதழைத் தொடங்கி எளிய தமிழில் கணினி நூல்களைக் கொண்டுவந்த த. சீனிவாசன் மென்பொருள் துறையில் வேலை பார்ப்பவர். இவர்களுடைய தமிழ்த் தொண்டுக்குப் புரவலர் யார் என்று கேட்டால், அவரவருடைய பகல் வேலைதான். லோசானின் ஆய்வகமும் வளைகுடாவின் கட்டுமானத் துறையும் பழைய மகாபலிபுரம் சாலையின் கணினிக் கம்பெனிகளும் தங்களை அறியாமலே தமிழுக்கு மானியம் கொடுத்திருக்கின்றன.

குன்றத்தூருக்கும் அதுவே கணக்கு. கம்பெனிப் பேருந்து காலையில் வெளிவட்டச் சாலையிலும் போரூர்ப் பக்கமும் ஆட்களை அள்ளிக்கொண்டு போகிறது. மணப்பாக்கத்திலோ தாம்பரம் மெப்ஸிலோ சிறுசேரியிலோ பகலெல்லாம் வெளிநாட்டு வங்கிக்கு நிரல் எழுதும் அதே விரல்கள்தான் ஞாயிற்றுக்கிழமை வேறு எதையாவது தட்டுகின்றன. குன்றத்தூர் அடங்கிய காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவுக்கு ஞாயிறு மாலைகளில் இணையவழி கூடிப் பேசும் வழக்கம் உண்டு. வாரநாளில் 'டிக்கெட்' வந்தால்தான் வேலை. ஞாயிறன்று எதைச் செய்யலாம் என்று தானே யோசிக்கவேண்டும். ஒரே ஆள், ஒரே திறமை. மாறுவது, அடுத்து எதைத் தொடுவது என்ற முடிவு யார் கையில் என்பது. டெபியன் சண்டையும் மேலே சொன்ன ஆய்வுகளும் முட்டிக்கொள்ளாமல் ஒன்றாகப் பொருந்துவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

இதற்குத் தமிழில் நடந்த ஒரு சோதனை இருக்கிறது. மென்பொருள் திட்டம் இல்லை, ஆனால் அதே வார்ப்பில் கூட்டாகக் கட்டப்படும் தமிழ் விக்கிப்பீடியா. 2009 வாக்கில் கூகுள், இந்திய மொழி விக்கிப்பீடியாக்களில் ஆங்கிலக் கட்டுரைகளை மொழிபெயர்த்து ஏற்றத் தொடங்கியது. ஆட்கள் பணம் பெறும் மொழிபெயர்ப்பாளர்கள். கருவி கூகுளின் மொழிபெயர்ப்புப் பெட்டி. 2010 ஜூலையில் கூகுள் சொன்ன கணக்குப்படி அரபி, குஜராத்தி, இந்தி, கன்னடம், சுவாகிலி, தமிழ், தெலுங்கு ஆகியவற்றுக்கு மொத்தம் 1 கோடியே 60 லட்சம் சொற்கள். இந்தி விக்கிப்பீடியா ஏறத்தாழ 20 விழுக்காடு பெருத்தது.

தமிழ் விக்கிப்பீடியர்களுக்கு இது வரமாகத் தெரிந்திருக்கவேண்டும். தெரியவில்லை. வந்த கட்டுரைகள் நீளமாக இருந்தன. வாசிக்க முடியாதபடி இயந்திர வாடை அடித்தது. இல்லாத பக்கங்களுக்கு இட்ட சிவப்பு இணைப்புகள் பக்கம் முழுக்கத் தெறித்துக் கிடந்தன. தலைப்புகளை முடிவு செய்தது இணையத்தில் எது அதிகம் தேடப்படுகிறது என்ற கணக்கு. தமிழ் வாசகருக்கு எது வேண்டும் என்று இங்கே யாரையும் கேட்கவில்லை. எல்லாவற்றையும்விட எரிச்சல் தந்தது, பேச்சுப் பக்கத்தில் பிழையைச் சுட்டிக்காட்டினால் பதில் வராதது. எழுதியவர் வேலையை ஒப்படைத்துவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போயிருப்பார். துடைப்பம் எடுக்கவேண்டியவர்கள் சம்பளமில்லாதவர்கள்.

வங்காள விக்கிப்பீடியா கதவைச் சாத்தியது. தமிழ்க்காரர்கள் செய்தது வேறு, அதை நான் அவர்களுடைய சாமர்த்தியமாகவே பார்க்கிறேன். கூகுளோடு பேச உட்கார்ந்தார்கள். தலைப்புகளை நாங்கள் பார்த்துச் சொல்கிறோம், தரம் இப்படி இருக்கவேண்டும், மொழிபெயர்ப்பவர்கள் எங்களோடு பேசவேண்டும் என்றார்கள். இந்த அனுபவத்தை அ. இரவிசங்கர் 2010இல் போலந்தின் கடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் ஒரு மதிப்பீடாக முன்வைத்தார். எங்களுக்கு ஏன் கூலி இல்லை என்பது தமிழ் விக்கிப்பீடியர்களின் குறையாகவே இல்லை. எங்கள் வீட்டில் எதை வைப்பது என்று வெளியே யாரோ தீர்மானிக்கிறார்களே என்பதுதான் குறை. அப்படிப் பார்த்தால், 2018இல் கூகுளும் விக்கிமீடியாவும் சேர்ந்து கொண்டுவந்த 'வேங்கைத் திட்டம்' அதிக முணுமுணுப்பில்லாமல் ஏற்கப்பட்டதும் புரிகிறது. அதில் முனைப்பாக எழுதிவந்தவர்களுக்கு மடிக்கணினியும் இணையச் செலவும் கிடைத்தன. கட்டுரைப் போட்டியும் நடந்தது. பணம் அதே மூலையிலிருந்து வந்தது. எழுதும் கை உள்ளூர்க் கை.

இங்கே குன்றத்தூர்க்காரர் ஒருவரைக் கூப்பிடாமல் இருக்க முடியவில்லை. சேக்கிழார் பிறந்த ஊர் இது. அவர் கட்டியதாகச் சொல்லப்படும் நாகேசுவரர் கோயில் இன்றும் ஊர் நடுவில் இருக்கிறது. சோழ அரசில் அமைச்சர் பதவி வகித்தவர், அதாவது அரசுச் சம்பளக்காரர், சம்பளமில்லாத அடியார்களின் வரலாற்றை எழுதினார் என்பதே நம் பொருளுக்கு ஒரு வேடிக்கையான முன்னுரை. பெரியபுராணத்தில் திருவீழிமிழலைப் பஞ்சக் கதை வருகிறது. பஞ்சத்தில் அடியார்கள் வாடியபோது, சம்பந்தருக்கும் அப்பருக்கும் நாள்தோறும் ஆளுக்கொரு பொற்காசு கோயில் பீடத்தில் கிடைக்கிறது. அதைக் கொண்டு இருவர் மடத்திலும் அடியார்களுக்கு அமுது. அப்பர் மடத்தில் சோறு நேரத்துக்கு ஆகிவிடுகிறது, சம்பந்தர் மடத்தில் தாமதம். விசாரித்தால், சம்பந்தரின் காசுக்கு வணிகர்கள் வாசி, அதாவது வட்டம், பிடிக்கிறார்கள், மாற்றிவர நேரமாகிறது. அப்பரின் காசு வாசியில்லாமல் செல்லுபடியாகிறது. காரணமாகச் சேக்கிழார் சொல்வது, அப்பர் உழவாரம் பிடித்துச் செய்த கைத்தொண்டு. பிறகு சம்பந்தர் பதிகம் பாடி நல்ல காசு பெறுகிறார்.

இந்தக் கதையில் பணம் தொண்டைக் கெடுக்கவில்லை. ஆனால் அந்தக் காசு எப்படி வந்தது என்று பார்க்கவேண்டும். இத்தனை அடி புல் செதுக்கினால் இவ்வளவு என்ற பேரம் இல்லை. செதுக்கிக்கொண்டிருப்பவர் பஞ்சத்தில் நின்றுவிடக்கூடாது, சுற்றியிருப்பவர்கள் பட்டினி கிடக்கக்கூடாது என்பதற்காக வந்த படிக்காசு. எங்கே செதுக்குவது என்பதை அப்பரே பார்த்துக்கொள்வார். செதுக்கும் வேலைதான் என்ன? பிராகாரக் கற்களின் இடுக்கில் முளைத்த புல்லைப் பிடுங்குவது, விமானத்தில் வேர்விட்ட அரசங்கன்றை வளரும் முன்னே எடுப்பது. இன்றும் இந்தப் பக்கத்துக் கோயில்களில் உழவாரப்பணிக்குக் குழுவாக வருகிறவர்கள் செய்வது இதுவே. கும்பாபிஷேகத்துக்கு நன்கொடைப் பலகையில் பெயர் போட ஆள் உண்டு. போன மாதம் பிடுங்கிய புல் இந்த மாதமும் முளைத்திருக்கும். அதற்குப் பலகை கிடையாது.

மென்பொருளின் புல்லைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு செயலியைத் தமிழாக்குகிறவர் திறப்பது பி.ஓ. என்ற வகைக் கோப்பு. ஒரு வரியில் ஆங்கிலத் தொடர் இருக்கும். அதன்கீழ் மேற்கோள்குறிகளுக்கு நடுவே வெற்றிடம். அங்கே 'கோப்பை நீக்கவா?' என்று எழுதவேண்டும். இப்படி நூறு, ஆயிரம் தொடர்கள். முதல்முறை செய்யும்போது ஒரு போதை உண்டு. திரையில் தமிழ் பூக்கிறது. நோம் மேசைத்தளம் ஆறு மாதத்துக்கொரு பதிப்பு விடும். அடுத்த பதிப்பில் யாரோ ஆங்கிலத் தொடரில் 'நிரந்தரமாக' என்ற பொருளில் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார் என்று வையுங்கள். உடனே அந்தத் தமிழ்த் தொடர்மேல் 'ஃபஸி' என்று முத்திரை விழும். யாராவது வந்து சரிபார்த்து முத்திரையை எடுக்கும்வரை பயனரின் திரையில் தமிழ் வராது, ஆங்கிலமே வரும். புதிதாக எதையும் படைத்த மகிழ்ச்சி இல்லை. திருத்தினால் யாருக்கும் தெரியாது. திருத்தாவிட்டால் மட்டும் தெரியும். ஆறு மாதம் கழித்து மறுபடியும்.

சோனாலி ஷா 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொடுகிறது. பெரும்பாலோர் தங்கள் சொந்தத் தேவைக்காக வருகிறார்கள், தேவை தீர்ந்ததும் போய்விடுகிறார்கள். அந்த வேலையே பிடித்துப்போய்ப் பொழுதுபோக்காக்கிக்கொண்ட சிறு கூட்டம்தான் தங்கிப் பராமரிக்கிறது. அந்தச் சிறு கூட்டம் சில இடங்களில் ஒரே ஆளாகச் சுருங்கிவிடும். 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை வெளிப்பட்டபோது, இணையத்தின் பெரும்பகுதிக்குப் பூட்டுப் போடும் ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு வருடத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2000 டாலர் என்றும், முழுநேரமாகப் பார்த்தவர் ஒருவரே என்றும் உலகம் தெரிந்துகொண்டது. அதற்குப் பிறகு பணம் கொட்டியது. வழக்கம்போல.

2024 மார்ச்சில் நடந்தது இதைவிடக் குரூரம். எக்ஸ்.இசட். என்ற சுருக்கும் மென்பொருளைப் பின்லாந்தின் லாசே காலின் சம்பளமில்லாமல் வருடக்கணக்காகப் பராமரித்துவந்தார். மனநலச் சிரமங்களைப் பற்றியும், இது ஊதியமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் 2022இலேயே பொதுவில் சொல்லியிருந்தார். அவருக்கு உதவ 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் வந்தார். பொறுமையாக, பணிவாக, தொடர்ந்து உழைத்தார். நம்பிக்கை பெற்றார், பொறுப்புப் பெற்றார், கடைசியில் கள்ளக் கதவு ஒன்றை உள்ளே வைத்தார். கண்டுபிடித்தது மைக்ரோசாஃப்டில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட். தொலைக்கணினியில் நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டினார். அப்படித் தோண்டுவதும் அவருக்கு இட்ட வேலை இல்லை. இதில் யார் தொண்டர், யார் கூலிக்காரர்?

டெபியனுக்குத் திரும்பினால், சண்டை நடந்து எட்டு வருடம் கழித்து, 2014இல், அதே டெபியனில் வேறொரு ஏற்பாடு வந்தது. பழைய பதிப்புகளுக்கு வழக்கமான ஆதரவு முடிந்த பிறகும் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவது. பழைய பதிப்பில் ஓட்டை அடைப்பது யாருக்கும் பிடித்த வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமையை அதற்கு யாரும் செலவழிக்கமாட்டார்கள். ஃப்ரெக்சியன் என்ற நிறுவனம் புரவலர்களிடம் பணம் திரட்டி, அதைச் செய்யும் டெபியன்காரர்களுக்கு மணிக்கணக்கில் கொடுத்தது. தலைவரை இறக்கும் வாக்கெடுப்பு எதுவும் இதற்காக நடக்கவில்லை. 2006இல் பணம் போனது எல்லோரும் கூடிச் செய்யும், பெயர் கிடைக்கும், அதிகாரம் உள்ள வேலைக்கு. 2014இல் போனது புல் பிடுங்க. லோஹித் எழுத்துருக்களை 2004இல் வெளியிட்டு, தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பராமரித்த ரெட்ஹாட்டும் இந்த வகைதான். லினக்ஸில் பல காலம் நாம் தமிழைக் கட்டம் கட்டமாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்த்ததில் அந்தச் சம்பளப்பட்டியலுக்கும் பங்குண்டு.

பரிசுப் பொருளுக்கு இன்னொரு முகம் உண்டு, அதை நம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகள் தெரிந்துகொள்ளவேண்டும். டிஜிட்டல்ஓஷன் நடத்தும் 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' விழாவில், அக்டோபர் மாதத்தில் கட்டற்ற திட்டங்களுக்கு நான்கு திருத்தங்கள் அனுப்பினால் அப்போதெல்லாம் ஒரு டீ-ஷர்ட் கிடைத்தது. 2020 அக்டோபர் முதல் நாளே திட்டங்களின் வாசலில் குப்பை குவிந்தது. விளக்கக் கோப்பில் 'அருமையான' என்று ஒரு சொல் சேர்ப்பது, ஒரு புள்ளி வைப்பது, இதெல்லாம் 'திருத்தம்'. எப்படி அனுப்புவது என்று சொல்லிக்கொடுத்த இந்தியக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த நம் மாணவர்கள் இதில் நிறைய. இரண்டு மூன்று நாளுக்குள், விருப்பம் தெரிவிக்கும் திட்டங்களுக்கு மட்டும் என்று விதியை மாற்றினார்கள். பையன்களைத் திட்டுவது சுலபம். ஆனால் வேலைவாய்ப்பு அலுவலரும் சீனியர்களும் 'கிட்ஹப்பில் பச்சைக் கட்டம் இருக்கணும்' என்று முதல் வருடத்திலிருந்தே ஓதினால், பச்சைக் கட்டம்தானே வரும்? லெர்னரும் திரோலும் சொன்ன விளம்பரப் பலகையை நாம் சரக்கில்லாமல் மாட்டக் கற்றுக்கொடுத்தோம். மார்கோ ஜெரோசா குழுவினர் 2021இல் 242 பேரிடம் நடத்திய ஆய்வு கொஞ்சம் ஆறுதல் தருகிறது: புறக் காரணங்களுக்காக நுழைந்த பலர், அனுபவம் கூடக்கூட மகிழ்ச்சிக்காகவும் பிறருக்கு உதவவும் தங்கியிருக்கிறார்கள். டீ-ஷர்ட்டுக்கு வந்தவனும் தங்கலாம். தங்குவதற்கு அவன் அனுப்பிய முதல் உருப்படியான திருத்தத்தை யாராவது பார்த்துப் பதில் சொல்லவேண்டும். அப்படிப் பார்க்கிறவருக்கு அந்த மாலையில் நேரம் இருக்கவேண்டும்.

நேரம் என்று வந்ததும் தன்னார்வத்தின் ஒரு பழைய அழுக்கைச் சொல்லவேண்டியிருக்கிறது. 2002இன் ஐரோப்பிய ஆய்வில் பெண்கள் 1.1 விழுக்காடு. காசு வேண்டாம், ஆர்வம் போதும், யாரும் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்த இடத்தில் நூற்றுக்கு ஒருவர். குன்றத்தூரில் ஐ.டி. வேலைக்குப் போகும் பெண் இரவு எட்டரைக்குக் கம்பெனி வண்டியிலிருந்து இறங்குகிறாள். அடுப்பு, பிள்ளையின் வீட்டுப்பாடம், மறுநாள் டிபன் பாக்ஸுக்கு ஏற்பாடு. ஞாயிறு மாலைக் கூட்டத்தில் அவளுடைய கணவர் இருக்கிறார் என்றால், அவர் அங்கே இருப்பதற்கான விலையை யார் கட்டுகிறார் என்று கேட்கலாம். ஓய்வு உள்ளவருக்கே ஆர்வம் காட்ட வாய்க்கிறது. நோம் அறக்கட்டளை பெண்களுக்கென்று தொடங்கி இன்று 'அவுட்ரீச்சி' என்ற பெயரில் நடக்கும் திட்டம் உதவித்தொகை கொடுத்துச் சில மாதம் கட்டற்ற மென்பொருளில் வேலை பார்க்கவைக்கிறது. பணம் ஆர்வத்தைக் கெடுக்கும் என்று கவலைப்படும் ஆண்கள் இதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். சிலருக்கு அந்தப் பணம்தான் ஞாயிற்றுக்கிழமை.

இந்தியாவிலும் பணம் இப்போது வரத் தொடங்கியிருக்கிறது. பெங்களூருவின் ஜெரோதா நிறுவனம் 2024 அக்டோபரில் 'ஃப்ளாஸ் ஃபண்ட்' என்ற நிதியை அறிவித்தது. ஆண்டுக்கு 10 லட்சம் டாலர். ஒரு திட்டத்துக்கு அதிகபட்சம் 1 லட்சம் டாலர். உலகில் எந்தக் கட்டற்ற மென்பொருளும் கேட்கலாம். விண்ணப்பிக்கும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. நீண்ட கடிதம் இல்லை. 'ஃபண்டிங் டாட் ஜேசான்' என்ற சிறு கோப்பைத் திட்டமே தன் இணைய முகவரியில் வைக்கவேண்டும். யார் நாங்கள், என்ன செய்கிறோம், எந்த வேலைக்கு, எவ்வளவு, மாதத்துக்கா வருடத்துக்கா, இதுவரை வரவு செலவு என்ன. கேட்கும் தொகையை எழுதுவது பராமரிப்பவர்; எந்த வேலை என்று சொல்வதும் அவரே.

ஒரு தமிழ் விசைப்பலகையையோ எழுத்துப்பிழை திருத்தியையோ பத்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கவனித்துவந்த ஒருவர் இந்தக் கோப்பை நிரப்ப உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழங்கி வாடகை எவ்வளவு என்று அவருக்குப் பைசா சுத்தமாகத் தெரியும், தன் கையிலிருந்து கட்டிவருவதுதானே. பெயர்ப் பதிவுக் கட்டணமும் தெரியும். அடுத்த வரி, பராமரிப்பவரின் நேரம், மாதத்துக்கு எவ்வளவு. மனைவியைக் கேட்டால் ஒரு தொகை சொல்லுவார்.